காப்ஸ்யூலா, ஜூஸா, பொடியா, கீரைப் பொரியலா: அத்தானுக்காகப் பார்த்த ஒப்பீடு

போன மாதம் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். சாப்பாட்டு மேஜை மேல், கேரட்டின் ஆரஞ்சு நிறமியான பீட்டா கரோட்டின் அடைத்த, ஆரஞ்சு மூடி போட்ட காப்ஸ்யூல் டப்பா. பக்கத்தில் முருங்கையிலைப் பொடியும், மஞ்சள் கிழங்கின் சத்தில் செய்த மஞ்சள் மாத்திரையும். அதற்கும் பக்கத்தில், ஜூஸ் போடுவதற்காக வாங்கிய இரண்டு கிலோ கேரட். கீழே ஒரே வரி: "தம்பி, இதுல அத்தானுக்கு எதைக் குடுக்கட்டும்? எல்லாத்தையும் குடுத்துரலாமா?"

அத்தானுக்கு 54 வயது. இருபத்தெட்டு வருடம், தினம் ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்தவர். விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. அவருடைய அப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். அந்தக் கடைசி ஆறு மாதமும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் அக்காதான். அதனால் "காய்கறியில இருக்கிற கலர்தான் கேன்சரைத் தடுக்குது" என்று யாரோ சொன்னதும் கடைக்கு ஓடியிருக்கிறாள். சொன்னவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

நான் மருத்துவர் இல்லை. மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவன். நிறமிகளைப் பற்றி வருடா வருடம் பாடம் எடுக்கிறேன். ஆனாலும் அக்காவுக்கு முழுப் பதில் எழுத ஒரு வாரம் பிடித்தது. அன்றைக்கே சொன்னது ஒன்றை மட்டும்தான்: "அந்த ஆரஞ்சு மூடி டப்பாவை மட்டும் இப்போதைக்குத் திறக்காதே அக்கா." ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கீரைக்குள் இருக்கும் கேரட் நிறம்

வகுப்பில் ஒரு சோதனை செய்வோம். பசலைக்கீரையைக் கல்வத்தில் போட்டு அசிட்டோன் விட்டு அரைத்து, அந்தச் சாற்றை வடிதாள் துண்டில் ஒரு பொட்டாக வைத்து, கரைப்பான் உள்ள ஜாடியில் தொங்கவிட வேண்டும். பத்து நிமிடத்தில் பச்சைப் பொட்டு பிரிந்து ஏறத் தொடங்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஆரஞ்சு மஞ்சளாக ஒரு கோடு, அது கரோட்டின். அதற்குக் கீழே மஞ்சள் சாந்தோஃபில், அப்புறம் நீலப்பச்சையாக ஒரு குளோரோஃபில், அடியில் மஞ்சள்பச்சையாக இன்னொன்று. "சார், கீரைக்குள்ள கேரட் கலர் எப்படி சார் வந்துச்சு?" என்று எந்த வருடமும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். எப்போதும் உள்ளேதான் இருந்தது, பச்சை மூடியிருந்தது, அவ்வளவுதான்.

செடி இந்த நிறங்களை நமக்காகச் செய்வதில்லை. இலைக்குத் தாங்கும் அளவைவிட அதிகமாக வெயில் விழும்போது, அந்த மிச்ச ஆற்றல் ஆக்சிஜனைச் செல்லைச் சிதைக்கும் வடிவமாக மாற்றிவிடாமல் கரோட்டினாய்டுகள் உறிஞ்சி வெப்பமாக விட்டுவிடுகின்றன. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று இயற்கையில் அறுநூறுக்கும் மேற்பட்ட கரோட்டினாய்டுகள் உண்டு. இவை எண்ணெயில் கரைபவை. நாவல்பழத்தின் ஊதாவும் கத்தரிக்காய்த் தோலின் கருநீலமும் ஆந்தோசயனின், அது தண்ணீரில் கரையும். பீட்ரூட்டின் சிவப்பு வேறு ரகம், பீட்டலைன். சிவப்புத் தண்டுக்கீரையிலும் காகிதப்பூவிலும் இருப்பது அதுவே. ஆந்தோசயனினும் பீட்டலைனும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதாக இயற்கையில் இதுவரை எங்கும் கண்டதில்லை. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத செய்தி அது.

இலையைக் காக்கும் நிறமி நம் செல்லையும் காக்குமா? அந்தக் கேள்வியை முறையாக எழுப்பியவர்களில் முக்கியமானவர்கள் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் பீட்டோவும் ரிச்சர்ட் டாலும். கேரட், கீரை அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கும், ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்கும் புற்றுநோய் குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்தது. 1981-இல் 'நேச்சர்' இதழில் அவர்களும் சகாக்களும் கேட்டது இதுதான்: குறைப்பது பீட்டா கரோட்டின் தானா, அல்லது அதோடு கூடவே வரும் வேறு ஏதாவதா? மாத்திரையாகக் கொடுத்துச் சோதித்தால்தான் தெரியும் என்றார்கள். சோதித்தார்கள்.

காப்ஸ்யூல்: மூன்று பெரிய சோதனைகள்

முதலாவது பின்லாந்தில் நடந்தது. 50 முதல் 69 வயதுக்குட்பட்ட, சிகரெட் பிடிக்கும் 29,133 ஆண்கள். சிலருக்கு தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. ஐந்து முதல் எட்டு வருடம் சாப்பிட்டார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களில் 474 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்திருந்தது. சாப்பிடாதவர்களில் 402 பேருக்கு. குறையும் என்று எதிர்பார்த்த இடத்தில் 18 சதவீதம் கூடியிருந்தது.

தற்செயலாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அதே நேரத்தில் அமெரிக்காவில் இன்னொரு சோதனை ஓடிக்கொண்டிருந்தது. சிகரெட் பிடிப்பவர்கள், விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்தவர்கள் என்று 18,314 பேர். அவர்களுக்குத் தினம் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் கூடவே வைட்டமின் ஏ-யும். அங்கே நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடியது, இறப்பு 17 சதவீதம் கூடியது. 1996 ஜனவரியில், குறித்த நாளுக்கு 21 மாதம் முன்னதாகவே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது சோதனை 22,071 அமெரிக்க ஆண் மருத்துவர்களிடம் நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகரெட் பிடிக்காதவர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் 50 மில்லிகிராம், பன்னிரண்டு வருடம். நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

என்னைப் பிடித்து நிறுத்திய செய்தி பின்லாந்து ஆய்வுக்குள்ளேயே இருக்கிறது. சோதனை தொடங்குவதற்கு முன்பே ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் இருந்தவர்களுக்கு, அதாவது சாப்பாடு வழியாக அதைப் பெற்றவர்களுக்கு, நுரையீரல் புற்றுநோய் குறைவாகவே வந்தது. அதே நாடு, அதே ஆண்கள், அதே சிகரெட். தட்டில் இருந்து வந்தபோது நல்லதோடு சேர்ந்து இருந்த பொருள், டப்பாவில் இருந்து வந்தபோது கெட்டதோடு சேர்ந்துகொண்டது.

ஏன் என்பதற்கு முழு விடை இன்னும் இல்லை, ஆனால் வலுவான தடயம் உண்டு. பாஸ்டனில் உள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தினர் ஃபெரட் என்ற கீரி போன்ற சிறு விலங்கிடம் சோதித்தார்கள். எலி கரோட்டினை மனிதனைப் போல் உறிஞ்சுவதில்லை, ஃபெரட் ஓரளவு நம்மைப் போல. அதிக அளவு பீட்டா கரோட்டினும் சிகரெட் புகையும் சேர்ந்தபோது அவற்றின் நுரையீரல் உட்சுவரில் புற்றுநோய்க்கு முந்தைய மாதிரியான மாற்றங்கள் தெரிந்தன. புகையில் உள்ள ஆக்சிஜனேற்றப் பொருள்கள் கரோட்டினையே உடைத்து, உடைந்த துண்டுகள் தொல்லை தருகின்றன என்பது அவர்களுடைய விளக்கம்.

அளவும் ஒரு காரணம். எண்ணெயில் கரைத்த கரோட்டினில் 2 மைக்ரோகிராம் செய்யும் வைட்டமின் வேலைக்குக் காய்கறியில் 12 மைக்ரோகிராம் தேவை என்று சத்துணவுக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். காய் தன் நாருக்குள் பூட்டி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறது. கெடுதல் தெரிந்த அந்த இரண்டு சோதனைகளிலும் காப்ஸ்யூலால் ரத்தத்தில் கரோட்டின் அளவு பத்து மடங்குக்கு மேல் ஏறியது. காய்கறி சாப்பிட்டு யாரும் அந்த உயரத்துக்குப் போவது சுலபமில்லை.

"அத்தான்தான் விட்டுட்டாரே?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. அமெரிக்க ஆய்வைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால், கெடுதல் அப்போதும் பிடித்துக்கொண்டிருந்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் 2013-இல் வெளியான கண் ஆய்வு ஒன்று என்னை எச்சரிக்கையாக்கியது. வயதானவர்களுக்கு விழித்திரை கெடாமல் இருக்கக் கொடுக்கும் சத்து மாத்திரையைப் பற்றியது அது. பீட்டா கரோட்டின் உள்ள மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 சதவீதம் பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது. அது இல்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் 0.9 சதவீதம். நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் சிகரெட்டை விட்டவர்கள். அதற்குப் பிறகுதான் அந்த மாத்திரையில் பீட்டா கரோட்டினுக்குப் பதில் லூட்டின், ஸியாசாந்தின் என்ற இரண்டு மஞ்சள் நிறமிகளைச் சேர்த்தார்கள். வீட்டில் பெரியவர்கள் கண்ணுக்கென்று மாத்திரை சாப்பிட்டால், அவர்கள் சிகரெட்டோ பீடியோ பிடித்தவர்களாகவும் இருந்தால், டப்பாவைத் திருப்பி எந்த ரகம் என்று பார்த்துவிடுங்கள்.

காப்ஸ்யூல் எங்குமே உதவவில்லை என்று சொன்னால் அது தவறு. சீனாவின் லின்சியான் பகுதியில், சத்துக் குறைவான சாப்பாட்டில் இருந்த சுமார் 30,000 பேருக்கு பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தபோது புற்றுநோய் இறப்பு 13 சதவீதம் குறைந்தது. 1993-இல் வந்த முடிவு அது. உடம்பில் இல்லாததைக் கொடுத்தார்கள், பலன் கிடைத்தது. அத்தான் வீட்டில் அந்தப் பற்றாக்குறை இல்லை. அமெரிக்க அரசு அமைத்த தடுப்பு மருத்துவ நிபுணர் குழு 2022-இல் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஈ-யையும் புற்றுநோய்த் தடுப்புக்காகச் சாப்பிட வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியமும் புற்றுநோயைத் தடுக்கச் சத்து மாத்திரைகளை நம்ப வேண்டாம் என்கிறது.

டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பொடி எழுத்தில் இருந்தது: பீட்டா கரோட்டின், 15 மில்லிகிராம். கண் ஆய்வில் கொடுத்த அதே அளவு. அத்தானுக்கு அது கூடாது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

ஜூஸ்: சித்தப்பாவின் உள்ளங்கை

ஆப்பிள், பீட்ரூட், கேரட் சேர்த்து அடிக்கும் ஜூஸ் இப்போது தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. அதில் காப்ஸ்யூல் மாதிரியான ஆபத்து இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சித்தப்பா கண் பார்வைக்கு நல்லது என்று மூன்று மாதம் விடாமல் காலையில் பெரிய டம்ளரில் கேரட் ஜூஸ் குடித்தார். ஒருநாள் சித்தி அவர் கையில் காசு வாங்கும்போது கவனித்தாள். உள்ளங்கை முழுக்க மஞ்சள். பாதத்தைத் திருப்பினால் அங்கேயும் மஞ்சள், மூக்கோரம் மஞ்சள். மஞ்சள் காமாலை என்று எல்லோரும் பயந்து, கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து ஒரு வாரம் கொடுத்தார்கள். குறையவில்லை. பிறகு பார்த்த மருத்துவர் சித்தப்பாவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. "காமாலைன்னா முதல்ல இங்கதான் தெரியும். நீங்க கேரட் அதிகமா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். ஜூஸை நிறுத்தியதும் சில வாரங்களில் மஞ்சள் போய்விட்டது. கரோட்டின் கொழுப்பில் தங்கும், தோலில் படியும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் தேவைக்கு மேல் குடிக்கிறோம் என்று உள்ளங்கையே சொல்லிவிட்டது.

ஜூஸில் எனக்கு இருக்கும் உண்மையான மனத்தாங்கல் வடிகட்டியில் மிஞ்சும் சக்கை. நார் அதில்தான் போகிறது. நிறமிகளில் ஒரு பகுதியும் அந்த நாரோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போகிறது. தானியம், காய், பழத்தின் நார் பெருங்குடல் புற்றுநோய்க்கு எதிராகத் துணை நிற்பதற்கு நிறமிகளைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது. டம்ளரில் மிஞ்சுவது நிறமும் சர்க்கரையும். பிரான்சில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இனிப்பு பானம் அதிகம் குடித்தவர்களுக்குப் புற்றுநோய் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. சர்க்கரை சேர்க்காத நூறு சதவீதப் பழச்சாறும் அந்தக் கணக்கில் விதிவிலக்காக இல்லை. இது தொடர்பைக் காட்டும் ஆய்வுதான், காரணத்தை நிரூபிப்பதில்லை. ஆனாலும் அத்தானுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. அவருக்கு நான் ஜூஸைச் சொல்ல மாட்டேன். மெல்ல முடியாதவர்களுக்கும் நோயில் படுத்து எழுந்தவர்களுக்கும் வடிகட்டாமல் அடித்துக் கொடுப்பது வேறு விஷயம்.

பொடியும் மஞ்சள் மாத்திரையும்

முருங்கையிலைப் பொடியில் குறை சொல்ல அதிகமில்லை. நிழலில் உலர்த்தியதாக இருந்தால் சத்து ஓரளவு நிற்கும். ஆனால் கொல்லையில் முருங்கை மரம் நிற்கும் வீட்டில் அந்தப் பொடியைக் காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?

மஞ்சள் மாத்திரை அப்படியல்ல. மஞ்சளின் நிறமி குர்குமின். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் புற்றுநோய் செல்களை அது தடுப்பது உண்மை. ஆனால் வாயில் போட்டால் ரத்தத்துக்குள் போவது மிகமிகக் குறைவு. 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், மிளகில் உள்ள பைப்பரின் 20 மில்லிகிராமை 2 கிராம் குர்குமினோடு சேர்த்தால் உறிஞ்சுதல் இருபது மடங்காகும் என்று காட்டினார்கள். அன்றிலிருந்து மஞ்சள் மாத்திரையில் மிளகுச் சத்தையும் சேர்க்கிறார்கள். அப்படி உறிஞ்சுதலைக் கூட்டிய மாத்திரைகளைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்திருப்பது இத்தாலி, அமெரிக்கா, ஆஸ்திரேலியா மூன்று நாடுகளிலும் பதிவாகியிருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளால் வந்ததில்லை. மஞ்சள் குழம்பிலேயே இருக்கட்டும்.

தட்டு

சரி, மிஞ்சியது காய்கறிக் கடை. அங்கே போனாலும் ஒரு தேர்வு இருக்கிறது: எந்த நிறம்?

கரோட்டின் வேண்டுமானால் கேரட்டை மட்டும் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. முருங்கைக்கீரையில் கேரட்டைவிட அதிகம் இருக்கிறது. அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, பரங்கிக்காய், பப்பாளி, மாம்பழம் எல்லாமே நல்ல ஆதாரங்கள். எண்ணெய் இல்லாமல் மட்டும் சாப்பிடக் கூடாது. அமெரிக்காவில் அயோவா மாகாணப் பல்கலைக்கழகத்தில் 2004-இல் செய்த சோதனையில், கொழுப்பே இல்லாத சாஸ் ஊற்றிய, சமைக்காத காய்கறியில் இருந்து கரோட்டின் ஏறக்குறைய ஏறவே இல்லை. எண்ணெய் சேர்த்ததும் ஏறியது. நம் பொரியல் இந்த வேலையைத் தானாகவே செய்துவிடுகிறது: வதக்கல், ஒரு ஸ்பூன் எண்ணெய், மேலே தேங்காய்த் துருவல். கேரட்டைத் துருவி வேகவைத்தால் செல் சுவர் உடைந்து இன்னும் அதிகமாகக் கிடைக்கும். பச்சையாகச் சாப்பிட்டால்தான் சத்து என்பது வைட்டமின் சி-க்குப் பொருந்தும், கரோட்டினுக்குப் பொருந்தாது.

தக்காளியின் சிவப்பு லைக்கோபீன். 1995-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஏறக்குறைய 48,000 ஆண்களிடம் பார்த்தபோது, சமைத்த தக்காளி அதிகம் சாப்பிட்டவர்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் குறைவாக இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் அதே பலத்தோடு பேசவில்லை. 2005-இல் அமெரிக்க உணவு மருந்துத் துறையும் தக்காளிக்கு மிகக் குறைந்த ஆதாரம்தான் இருக்கிறது என்று சொல்லி, புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கும் என்று லேபிளில் எழுதிக்கொள்ளும் உரிமையை லைக்கோபீன் மாத்திரைக்குக் கொடுக்க மறுத்தது. லைக்கோபீனும் எண்ணெயும் சூடும் கேட்கும். சமைக்காத தக்காளித் துண்டைவிட எண்ணெயில் சுண்டிய தொக்கில் அதிகம் கிடைக்கும். உப்பை மட்டும் பார்த்துப் போட வேண்டும். தர்பூசணியும் சிவப்புக் கொய்யாவும் அதே லைக்கோபீன்தான்.

ஊதா நிறத்துக்கு விலை அதிகம் கேட்கிறார்கள். வெளிநாட்டு ப்ளூபெர்ரிக்குக் கொடுக்கும் காசில் ஆடி மாதம் கூடை நிறைய நாவல்பழம் வாங்கலாம். தின்று முடித்துக் கண்ணாடியில் நாக்கை நீட்டினால் தெரிவது ஆந்தோசயனின்தான். இங்கிலாந்தில் கேத்தி மார்ட்டின் குழுவினர் அந்த நிறமியைத் தக்காளிக்குள் வரவழைத்து, புற்றுநோய் சுலபமாக வரும் எலிகளுக்குக் கொடுத்தார்கள். 2008-இல் வெளியான அந்த முடிவில், அது கிடைக்காதபோது சராசரியாக 142 நாள் வாழும் எலிகள் 182 நாள் வாழ்ந்தன. எலிக்கு நடந்தது, மனிதர்களிடம் அப்படி எதுவும் நிரூபணமாகவில்லை. ஆந்தோசயனின் ரத்தத்தில் ஏறுவது குறைவு, பெரும்பகுதி குடலில் உள்ள நுண்ணுயிரிகள் கைக்குப் போய்விடுகிறது. தண்ணீரில் கரைவதால் சமையலறையிலும் நாமே கொட்டிவிடுகிறோம். கருப்புக் கவுனியை இரவில் ஊறவைத்துக் காலையில் பாருங்கள், தண்ணீர் ஊதா மையாக நிற்கும். முதலில் கழுவிவிட்டு, ஊறிய தண்ணீரிலேயே வேகவைத்தால் அது சோற்றிலேயே நிற்கும். கத்தரிக்காயைத் தோல் சீவக் கூடாது, நறுக்கி அதிக நேரம் தண்ணீரில் போட்டு வைக்கவும் கூடாது.

பீட்ரூட்டைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போகும். பயப்பட வேண்டாம். ஆனால் பீட்ரூட் சாப்பிடாத நாளில் சிவப்பாகப் போனால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பச்சைக்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. சீனாவின் சிடோங் பகுதியில் பூஞ்சை பிடித்த தானியத்தில் வரும் அஃப்ளாடாக்சின் நஞ்சால் கல்லீரல் புற்றுநோய் அதிகம். அங்கே 180 பேரில் ஒரு பாதிக்கு நான்கு மாதம், மூன்று வேளையும் குளோரோஃபிலில் இருந்து செய்த குளோரோஃபிலின் கொடுத்தார்கள். அந்த நஞ்சு மரபணுவைத் தாக்கியதற்கான அடையாளம் சிறுநீரில் 55 சதவீதம் குறைந்தது. 2001-இல் வந்தது. குறைந்தது அடையாளம்தான், நோய் குறைந்ததா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. இதைப் படித்துவிட்டுப் பச்சைச் சொட்டு மருந்து வாங்குவதைவிட, சட்னிக்கு எடுக்கும் வேர்க்கடலையில் சுருங்கிக் கறுத்ததையும் பூஞ்சை வாடை வருவதையும் தயங்காமல் தூக்கிப் போடுவது மேல்.

நிறத்தை மட்டுமே பார்த்து வாங்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், முள்ளங்கி, பூண்டு எல்லாம் வெளுப்பானவை. ஆனால் அவற்றின் கந்தகச் சேர்மங்களைப் பற்றிய ஆய்வுகள் நிறமிகளைப் பற்றியவற்றுக்குச் சளைத்தவை அல்ல. நிறம் பார்த்து மாற்றி மாற்றி வாங்குவதில் உள்ள லாபம், ஒரே காயில் நின்றுவிடாமல் இருப்போம் என்பதுதான்.

எவ்வளவு, எவ்வளவு நம்பலாம்

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 400 கிராம் காயும் பழமும் என்கிறது. கிழங்கு இதில் சேராது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் கீரையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்று இருக்கிறது. அக்கா வீட்டில் மாவு நிறுக்கும் சிறிய தராசு உண்டு. அத்தான் சாப்பிடும் பொரியல், கூட்டு, பழம் எல்லாவற்றையும் ஒருநாள் நிறுத்து வைக்கச் சொன்னேன். சாம்பாரில் மிதந்த மூன்று முருங்கைக்காய்த் துண்டைச் சேர்த்தும் 170 கிராம்தான் வந்தது. தட்டைப் பார்த்தால் நிறையச் சாப்பிடுகிற மாதிரிதான் இருந்தது என்றாள். சோறுதான் நிறைய இருந்திருக்கிறது.

பலன் எவ்வளவு என்று கேட்டால், மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் பத்து நாடுகளில் நாலே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2010-இல் வந்த ஆய்வில், தினம் 200 கிராம் காயும் பழமும் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு மொத்தப் புற்றுநோய் அபாயம் மூன்று, நான்கு சதவீதம் குறைவாக இருந்தது. அவ்வளவுதான். வாய், தொண்டை, உணவுக்குழாய் போன்ற இடங்களுக்கு ஆதாரம் இதைவிடப் பலமாக இருக்கிறது. ஆனால் அந்த இடங்களைக் கெடுப்பதே புகையிலையும் பாக்கும் மதுவும்தான். புகையிலை போட்டாலும் போடாவிட்டாலும் பாக்கு மெல்வது புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. ஆகவே அத்தான் ஒன்றரை வருடத்துக்கு முன் சிகரெட்டைக் கீழே போட்ட நாளில் செய்துகொண்ட நன்மைக்குப் பக்கத்தில் எந்தக் கீரையும் வர முடியாது. இதை அக்காவிடம் மட்டும் சொல்லாமல் அவரிடமே சொன்னேன். சிகரெட்டை விட்ட பிறகு மூன்று முறை கை நடுங்கக் கடை வரைக்கும் போய்த் திரும்பி வந்தவர் அவர்.

இன்னும் இரண்டு விஷயங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றும். புற்றுநோய்க்கு மருந்தோ கதிர்வீச்சோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள், ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று எழுதிய எந்த மாத்திரையையும் சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது. அவர்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது.

கடைசியில் அக்காவுக்கு நான் எழுதியது இவ்வளவுதான். காப்ஸ்யூலைத் திருப்பிக் கொடு, வாங்க மறுத்தால் தூக்கிப் போடு. மஞ்சள் மாத்திரையும் வேண்டாம். இரண்டு கிலோ கேரட்டைப் பொரியலாகவும் சாம்பாராகவும் செலவழி. வாரத்தில் நாலு நாள் கீரை, அதில் இரண்டு நாள் கொல்லை முருங்கை. மதியத் தட்டில் முதலில் காயை வை, அப்புறம் சோற்றைப் போடு. சாயந்தரம் காபியோடு சாப்பிடும் பிஸ்கட்டுக்குப் பதில் கொய்யாவோ பப்பாளியோ, விலை எது குறைவோ அது.

அப்புறம், காப்ஸ்யூலுக்கு மாதா மாதம் ஒதுக்கிய பணத்தை வேறு ஒன்றுக்கு எடுத்து வைக்கச் சொன்னேன். அமெரிக்காவில் 53,454 பேரிடம் நடந்து 2011-இல் முடிவு வந்த சோதனையில், நீண்ட காலம் சிகரெட் பிடித்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் வருடத்துக்கு ஒருமுறை எடுத்தபோது, எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 சதவீதம் குறைந்தது. 50 வயது தாண்டி, இருபது வருடம் தினம் ஒரு பாக்கெட் கணக்கில் பிடித்து, விட்டுப் பதினைந்து வருடம் ஆகாதவர்களுக்கு அங்கே அதைப் பரிந்துரைக்கிறார்கள். அத்தான் அந்தக் கணக்கில் வருகிறார். நம் ஊரில் பழைய காசநோய்த் தழும்பு ஸ்கேனில் கட்டி மாதிரித் தெரிந்து வீண் பயம் தரலாம் என்பதால், எடுக்கலாமா என்பதை நுரையீரல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வருகிற செவ்வாய்க்கிழமை அவரை நானே கூட்டிப் போகிறேன். சின்ன வயதில் அவருக்குக் காசநோய் வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டதாக நேற்றுத்தான் அக்கா சொன்னாள். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதிய தாளில் அதை முதல் வரியாகச் சேர்த்திருக்கிறேன்.